கண்டி மலையில் ஏழு வீட்டு அரிசி

கண்டிக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஏரி அழகு, மலை அழகு, குளிர் அழகு என்று ஒருவர் எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நான் அங்கே அழகு பார்க்கப் போகவில்லை. பிச்சை எடுக்கப் போனேன்.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக் கரையில் எனக்கு ஓர் அரிசி ஆலை இருக்கிறது. ஊர்க் கோவிலில் தர்மகர்த்தாவும் நானே. என் மகளுக்கு விஷக்காய்ச்சல் கண்டு, வைத்தியர் கையை விரித்துவிட்ட நாளில், என் மனைவி ஞானம்மாள் அந்தோனியார் படத்துக்கு முன் விழுந்து நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், பிள்ளையின் தகப்பன் அந்தோனியார் கோவில் ஒன்றுக்கு நடந்து போவான். வழியில் ஏழு வீட்டில் அரிசிப் பிச்சை எடுப்பான். அதைக் கோவில் அசனத்துக்கு, அதாவது திருநாள் பொதுச் சாப்பாட்டுக்குக் கொடுத்து, ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுவருவான். அந்தப் பிடி அரிசி அடுப்பில் ஏறும்வரை தான் சோற்றைத் தொடுவதில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. நேர்ந்துகொள்வதற்கு முன் தகப்பனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அரிசி ஆலைக்காரன் அரிசிப் பிச்சை எடுப்பதா? என் களத்தில் நெல் அவிக்கிறவர்கள் வீட்டு வாசலில் நான் துண்டை விரித்து நிற்பதா? இன்றைக்கு, நாளைக்கு என்று ஒன்பது மாதம் தள்ளிப்போட்டேன். அந்த ஒன்பது மாதமும் ஞானம்மாள் கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் சோறு பரிமாறினாள். கன்னம் ஒட்டிப்போய், ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். உடம்பு இனித் தாங்காது என்று அதே வைத்தியர் சொன்னார். கூழைக் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சச் சொல் என்று நான் சொன்னேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் கண்டியில் குமாஸ்தாவாக இருக்கும் அவள் தம்பி அருளப்பனிடமிருந்து கடிதம் வந்தது. அந்தோனியார் திருநாளுக்கு அங்கே ஒரு கூட்டம் மூன்று நாள் நடந்து, தெல்தெனியவுக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு சிறு கோவிலுக்குப் போகிறதாம். படித்ததும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கடலைத் தாண்டிவிட்டால் என்னை யாருக்குத் தெரியும்? அங்கே பிச்சை எடுத்தாலும் ஒன்றுதான், ஆடிப் பாடினாலும் ஒன்றுதான். தூத்துக்குடியில் கப்பல் ஏறினபோது, கீழ்த்தட்டில் எங்கள் ஜில்லாச் சனம் மூட்டை முடிச்சோடு மலைத் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மேலே நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் விடியற்காலை கூட்டம் கூடியது. நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். கடைச் சிப்பந்திகள், தோட்டத்துச் சனம், குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நனைகிற இரண்டு குமாஸ்தாக்கள். எல்லோரையும் நடத்திப்போனவர் யாழ்ப்பாணத்து உபாத்தியாயர் ஒருவர். சந்தியாப்பிள்ளை என்று பெயர். ஒல்லி உடம்பு, கையில் ஒரு வெண்கல மணி, முகத்தில் உலகத்தையே திருத்திவிடும் கண்டிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போல எனக்குச் சட்டம் சொன்னார்.

“ஐயா, நீங்கள் வீட்டைத் தெரிவுசெய்யக் கூடாது. நான் மணி அடிக்கிற இடத்தில ஆருடைய வீடு இருக்கோ, அந்த வாசலில நில்லுங்கோ. ஒருக்கா நிண்டால், அந்த வீட்டு அரிசி வாங்காமல் அங்கால போகேலாது. அரிசி தந்த ஆளிட்டை, என்னத்துக்காக வேண்டவேணும் எண்டு கேட்டுக்கொள்ளுங்கோ.”

“தராவிட்டால்?”

“தருமட்டும் நில்லுங்கோ. அப்பவும் தராவிட்டால் நேர்த்தி முடியேல்லை. வாற வருசம் திரும்ப வாங்கோ.”

வருகிற வருஷம் வரைக்கும் கூழில் இருந்தால் ஞானம்மாளைக் கல்லறையில்தான் பார்க்க முடியும். அதை இந்த மனிதரிடம் சொல்லி என்ன பயன்? தலையை ஆட்டினேன்.

முதல் மணி அம்பிட்டியவிலேயே அடித்தது. கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு. கவுன் அணிந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சமையற்காரியை அனுப்பினாள். அவள் என் சரிகை வேட்டியையும் கோட்டையும் மேலும் கீழும் பார்த்து, “கோட்டுப் போட்டுக்கிட்டுமா பிச்சைக்கு வாறாங்க இப்ப?” என்று கேட்டுக்கொண்டே ஒரு கோப்பை அரிசியைக் கொட்டினாள். நல்ல சம்பா. மூன்று நாளில் நான் குறை சொல்ல முடியாமல் வாங்கிய அரிசி அது ஒன்றுதான். அந்த அம்மாளின் வேண்டுதல், மகனுக்குப் பெரிய உத்தியோகம். அவளுடைய நாய்க்கும் நல்ல தேகசுகம் வேண்டுமாம். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டேன்.

பிறகு இறக்கம். மகாவலியை ஓடத்தில் தாண்டினோம். ஓடக்காரன் ஆற்று நடுவில் துடுப்பை வைத்துவிட்டு வெற்றிலை போட்டான். எங்கள் தாமிரபரணியில் இப்படி ஒருவன் செய்தால் அவனை ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவோம். இங்கே எல்லோரும் அவன் சுண்ணாம்பு தடவி முடிக்கும்வரை செபமாலை சொல்லிக்கொண்டு காத்திருந்தார்கள்.

கரையேறியதும் அருளப்பன் என் காதோடு சொன்னான்: “அத்தான், பிச்சை எடுக்கிறதுதானே முக்கியம்? நடக்கிறது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா அந்தோனியார் கோவிச்சுக்கவா போறார்? குண்டசாலைக்கு பஸ் நிக்குது.”

என் மைத்துனன் வாழ்நாளில் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பேச்சு என்று நினைத்து ஏறினேன். லாரிக்குக் கூரை போட்டு, பலகையை ஆணி அடித்து, அதற்கு பஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் மடியில் ஒருத்தி கோழிக் கூடையை வைத்தாள். முதல் மேட்டிலேயே வண்டியின் மூக்கில் ஆவி கிளம்பியது. சாரதி இறங்கி, ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, எல்லோரையும் தள்ளச் சொன்னான். சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்று நான் தள்ளிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. எங்கள் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது.

சந்தியாப்பிள்ளை நின்றார். “என்ன ஐயா, வாகனத்தையும் நேர்ந்துபோட்டியளோ?”

சிரிக்காமல் கேட்டார். பிறகு, ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து நடந்து வந்தால்தான் கணக்கு என்றார். போனேன். அருளப்பனுக்குத் திடீரென்று கணுக்கால் பிசகிவிட்டது. அவன் அதே வண்டியில் படுத்துக்கொண்டு கண்டிக்குத் திரும்பிவிட்டான்.

குண்டசாலையில் இரண்டு வீடு. இரண்டும் சிங்கள வீடு. இரண்டிலும் சிவப்பு அரிசி. என் ஆலையில் இந்த அரிசி வந்தால் உமியோடு வெளியே தள்ளுவேன். முதல் வீட்டுக்காரி அரிசியோடு நிற்காமல், தின்னச் சொல்லி ஓர் இலையில் பலாக்காய்க் கறியும் வைத்தாள். வைத்துவிட்டு ஏதோ கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். என்னவென்று சந்தியாப்பிள்ளையைக் கேட்டேன்.

“இவ்வளவு பெரிய மனிசருக்குச் சோறு போட வீட்டில ஒருத்தரும் இல்லையோ எண்டு கேக்கிறா.”

பலாக்காய்க் கறியில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருந்தார்கள். இந்த நாட்டில் தேங்காயும் மாசியும் இல்லாமல் தண்ணீர்கூட வைக்கமாட்டார்கள் போலிருக்கிறது. ஆனாலும் இலையை வழித்துவிட்டேன். பசி.

அன்று ராத்தங்கல் ஒரு கொக்கோ காய வைக்கும் கொட்டகையில். புளித்த வாடை மூன்று நாளைக்கு என் கோட்டை விட்டுப் போகவில்லை. இந்தத் தும்பறைப் பள்ளத்தாக்கின் காற்று உடம்புக்கு நல்லது என்று யாரோ எழுதியிருக்கிறார். அவர் கொட்டகையில் படுத்திருக்கமாட்டார்.

இரண்டாம் நாள் தெல்தெனிய. சந்தை கூடியிருந்தது. சந்தை என்றால் நாலு புகையிலைக் கடை, ஒரு துணிக்கடை, நடுத்தெருவில் படுத்திருக்கும் மாடுகள். மணி ஒரு மரைக்காயர் கடை வாசலில் அடித்தது. என் கோட்டைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க மொதலாளி, என்ன வேணும்?”

“அந்தோனியார் பேரால் பிச்சை வேண்டும்.”

அவர் நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கொத்து அரிசியை அளந்து என் துண்டில் போட்டார். பழக்க தோஷம், நான் நாலு அரிசி மணியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து, “பழசும் புதுசும் கலந்திருக்கிறீர்” என்று சொல்லிவிட்டேன்.

“பிச்சைக்கி வந்தவரு அரிசில நொட்ட சொல்றத இன்னக்கித்தான் பாக்குறேன்” என்றார் அவர். கோபமில்லை. வேண்டுதல் என்னவென்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தார். “எங்க வாப்பாக்கு முட்டி வலி. ஒங்க அந்தோனியாருக்கிட்ட சொல்லுங்க. குத்தமில்ல.”

ஐந்தாவது வீடு அதே ஊரில் ஒரு தட்டான் வீடு. அரிசியில் பாதி கல். ஆறாவது, மூன்றாம் நாள் காலை, தேயிலைத் தோட்டத்து முகப்பில் கணக்கப்பிள்ளை வீடு. அவர் அரிசி போடுவதற்கு முன் கால்மணி நேரம் தம் குடும்பப் பெருமை பேசினார். நானும் அப்படித்தான் பேசுவேன் என்பதால் எனக்கு அது சகிக்கவில்லை.

இனி ஒன்றே ஒன்று. மனம் லேசானது. மூன்று நாளில் ஒரு முகம்கூடத் தெரிந்த முகமில்லை. நாலு நாளில் ஊர். ஐந்தாம் நாள் ஞானம்மாள் சோறு சாப்பிடுவாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் அட்டை ஏறி, என் காலுறை சிவப்பாகிவிட்டது. பனி மூட்டத்தில் எனக்கு முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இந்த மலைகளின் காட்சிக்காகவே வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வருகிறார்களாம். வந்து முதுகைப் பார்க்கட்டும்.

ஏழாவது மணி ஒரு லயத்தின் முன்னால் அடித்தது. லயம் என்றால் நீளமாக ஒரே சுவர், ஒரே தகரக் கூரை, வரிசையாகப் பத்துக் கதவு. ஒரு கதவுக்கு ஒரு குடும்பம். கொஞ்சம் மேலே துரை பங்களா இருக்கிறதே, அங்கே அடிக்கக் கூடாதா இந்த மனிதர்? அவர் கடைசிக் கதவைக் காட்டினார். அன்று தோட்டத்தில் வேலை இல்லாததால் எல்லாக் கதவும் திறந்திருந்தது. நான் துண்டை விரித்து, அந்தோனியார் பேரால் பிச்சை என்றேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

“மில்லு அய்யா! நீங்க நம்ம ஊரு மில்லு அய்யா இல்லீங்களா?”

மற்றக் கதவுகளிலிருந்தும் தலைகள் வந்தன. “ஆமா, மில்லு அய்யாதான்.” “பெரியய்யா மகன்.” “இதென்ன கோலம் சாமி?” ஒருவன் ஆற்றுக்கு அக்கரை ஊர், இருவர் என் களத்திலேயே நெல் அவித்தவர்கள். அந்த லயத்தில் பாதி எங்கள் ஊராக இருந்தது. கப்பலின் கீழ்த்தட்டில் போனவர்கள் எங்கே போகிறார்கள் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் கன்னியாகுமரிப் பக்கம் போயிருப்பேன். யோசிக்கவில்லை. ஊரில் ஒருத்தனும் பார்க்கக் கூடாது என்று இத்தனை தூரம் வந்து, ஊரின் நடுவில் துண்டை விரித்துக்கொண்டு நின்றேன்.

அவள் பெயர் சவேரியம்மாள். என் தகப்பனார் காலத்தில் களத்தில் வேலை செய்த ஒருவரின் மகள். எங்கள் கோவிலில் அவர்கள் சனம் நடுவில் போட்டிருக்கும் தடுப்புக் கிராதிக்கு இந்தப் பக்கம் வருவதில்லை. வரக்கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவதும் தர்மகர்த்தாவின் வேலைதான்.

“அய்யா, ஒரு நிமிசம் நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் மழையில் ஓடினாள். திரும்பி வந்தபோது அவளுக்குப் பத்தடி முன்னால், கங்காணியின் மனைவி சுளகில் அரிசியோடு வந்தாள்.

“கங்காணியார் வீட்டு அரிசிங்க. அவுக சம்சாரமே கொண்டாந்திருக்காக. எங்க கை படல.”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. புத்தியுள்ள பெண் என்று நினைத்துக்கொண்டு துண்டை அந்தப் பக்கம் நீட்டினேன். சந்தியாப்பிள்ளை குறுக்கே வந்தார்.

“அது கங்காணி வீட்டு அரிசி. நீங்கள் நிண்டது இந்த வீடு.”

கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. கங்காணியின் மனைவி சுளகோடு திரும்பிப் போனாள். வேறு வழியில்லை. “சரி, உன் வீட்டு அரிசியே போடு” என்றேன். தாராளமாகச் சொல்வதாக எனக்கு நினைப்பு.

“வேணாங்கய்யா.”

“நான்தான் போடு என்கிறேனே?”

“வேணாங்க.” அவள் குரல் உயரவில்லை. “எங்க அம்மா ஒரு திருநாளைக்கு அசனத்துக்குன்னு அரிசி கொண்டாந்தா. வயித்தக் கட்டி மிச்சம் புடிச்ச அரிசி. நீங்கதான் குமியல்கிட்ட நின்னீக. ‘இதக் கலக்காத, அந்தாண்ட கொட்டு’ன்னு சொன்னீக. கொட்டுனா. அசனம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறமும் அந்த அரிசி அங்கனயேதான் கெடந்துச்சு. கோழி தின்னுச்சு. எங்க அம்மா அதப்பத்தி ஒரு வார்த்த பேசல. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

எனக்கு அது நினைவில்லை. பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு திருநாளிலும் அப்படித்தான் செய்வோம். அதில் எந்த வருஷம், எந்தக் கிழவி என்று யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? அவர்கள் சனம் கொண்டுவருவதைத் தனியாகக் கொட்டச் சொல்வேன். பிறகு அது என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அப்போதுதான் நான் பிச்சை எடுத்தேன். அதுவரை ஆறு வீட்டில் எடுத்தது விளையாட்டு. மகளின் காய்ச்சலைச் சொன்னேன். ஒன்பது மாதக் கூழைச் சொன்னேன். கிணற்றடியில் விழுந்ததைச் சொன்னேன். இந்த வீட்டு அரிசி கிடைக்காவிட்டால் ஞானம்மாள் செத்துப்போவாள் என்று, என் களத்தில் வேலை பார்த்தவர்கள் முன்னால் சொன்னேன். சந்தியாப்பிள்ளை மணியை வேட்டியில் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சவேரியம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

“மில்லு அம்மாவுக்கா?” என்றாள். பிறகு வாசலை விட்டு ஒதுங்கினாள். “என் கையால போட மாட்டேன். உள்ள வாங்க. நீங்களே பானையில கைய விட்டு எடுத்துக்கங்க.”

குனிந்து போனேன். ஓர் அறைதான். அடுப்பு, பாய், மாட்டி வைத்த தேயிலைக் கூடை, மூலையில் பானை. கையை விட்டேன். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, அரிசி தட்டுப்படவில்லை. குனிந்து இன்னும் விட்டேன். அடியில் இருந்தது. இந்தக் கை முப்பது வருஷமாக அரிசியிலேயே கிடக்கிற கை. கண்ணை மூடிக்கொண்டே சொல்லும். ரங்கூன் அரிசி. குறுணை. வண்டு விழுந்தது. எல்லாம் சேர்த்து மூன்று பிடி தேறும். தோட்டத்தில் அரிசி வாரத்துக்கு ஒரு முறைதான் அளப்பார்கள் என்று வழியில் கேட்டிருந்தேன். ஒரு பிடி எடுத்து, பாதியை விரலிடுக்கு வழியாக மெதுவாகப் பானைக்குள் விட்டேன்.

“கொறைக்காதீங்க அய்யா” என்றாள் அவள் பின்னாலிருந்து. “பிடி நெறைய எடுங்க. அரைப்பிடிய எடுத்துக்கிட்டுப் போயி நாளைக்கு நேர்த்தி செல்லாதுன்னா, அம்மா கூழத்தான குடிக்கணும்.”

நிறைய எடுத்தேன். துண்டில், சம்பாவும் சிவப்பும் கல்லும் கிடந்த குவியலில், அதைப் போட்டேன். தனியாக இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் குறுணையை இனி யாராலும் பிரிக்க முடியாது. சந்தியாப்பிள்ளை வாசலில் மணியை அடித்தார். ஏழும் முடிந்தது. முடிச்சுப் போட்டேன். ஞானம்மாள் சோறு சாப்பிடுவாள்.

முறைப்படி, என்ன வேண்டிக்கொள்ளட்டும் என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டாங்க” என்றாள்.

வெளியே கூட்டம் மறுபடி பாடத் தொடங்கியது. நான் படி இறங்கினபோது அவள் ஒரு செம்போடு பின்னால் வந்தாள்.

“அய்யா, கை கழுவத் தண்ணி ஊத்தட்டுங்களா?”

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளாகப் பார்த்தவர்களை எல்லாம் ஏளனம் செய்துகொண்டு வந்தவன் நான். ஒரு முகத்தில் ஏளனம் இருந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். அவள் முகத்தில் அது இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இப்படி ஒரு வீட்டில் எதையாவது தொட்டுவிட்டால் கை கழுவுவார்கள் என்பதால், தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். கேலியாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.